மேசைக்கு வரும் மண்கலம்: ஸ்டுடியோ பாட்டரிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டுப் பரணில் ஒரு ஊறுகாய் ஜாடி இருந்தால் எடுத்துப் பாருங்கள். மேல்பாதி பழுப்பு, கீழ்பாதி வெளுப்பு. எலுமிச்சையும் உப்பும் மிளகாயும் வருடக்கணக்கில் உள்ளே கிடந்தாலும் கசிவதில்லை, அரிப்பதில்லை. கழுவி வெயிலில் வைத்தால் பழைய வாசனையும் போய்விடும். சக்கரத்தில் மண்ணை வைக்கும் ஆசையோடு வருகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்வது இதுதான்: நீங்கள் செய்யப்போகும் தம்ளரும் கிண்ணமும் தட்டும் அந்த ஜாடியின் தரத்தை எட்டவேண்டும். அழகெல்லாம் அதற்கு அப்புறம்.

இந்த வழிகாட்டி சோறு, குழம்பு, காபி, தண்ணீர் ஆகியவற்றுக்காக தினமும் கையில் எடுக்கும் கலங்களைப் பற்றியது. பூஜாடியோ சுவர் அலங்காரமோ செய்ய விரும்புகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. புழங்குகிற கலத்துக்கோ ஒரு படியையும் தாண்டமுடியாது.

நம் ஊர்ப் பானைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று முதலிலேயே தெளிவாகிவிட வேண்டும். கிராமத்துச் சூளையில் பானை பெரும்பாலும் 700 முதல் 900 டிகிரிக்குள் சுடப்படுகிறது. அந்தச் சூட்டில் மண் கெட்டியாகிறதே தவிர உருகுவதில்லை. உள்ளே நுண்துளைகள் இருக்கின்றன. மானாமதுரைப் பானையில் தண்ணீர் குளிர்வது அந்தத் துளைகள் வழியே கசிந்து ஆவியாவதால்தான். மண்சட்டி அடுப்புத் தீயைத் தாங்குவதற்கும் அதே நெகிழ்வான உடல்தான் காரணம். ஸ்டுடியோ பாட்டரியில், அதாவது சிறு பட்டறையில் கையால் கலம் செய்யும் தொழிலில், நாம் பெரும்பாலும் செய்யும் ஸ்டோன்வேர் 1200 டிகிரிக்கு மேல் சுடப்படுவது. அங்கே மண்ணில் கலந்திருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் உருகித் துளைகளை அடைக்கிறது. தண்ணீர் புகாத, தட்டினால் மணிபோல் ஒலிக்கிற கலம் கிடைக்கிறது. ஆனால் இதை அடுப்பில் நேரடியாக வைத்தால் விரிசல் விட்டுவிடும். வாங்குகிறவர்களில் பலர் இது தெரியாமல்தான் வாங்குகிறார்கள். எனவே விற்கும்போது மறக்காமல் சொல்லவேண்டியது இது.

எங்கே, எப்படிக் கற்பது

சக்கரம் வாங்காதீர்கள். சூளையும் வாங்காதீர்கள். முதல் சில மாதங்களுக்கு இன்னொருவருடைய பட்டறையில் உட்காருங்கள். மண்ணைக் கையால் தொட்டுத் திருத்திச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால், தனியாகப் பல மாதம் திணறவேண்டிய விஷயம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். காணொளி பார்த்துச் சில நுணுக்கங்களைக் கற்கலாம். உங்கள் முழங்கை எங்கே இருக்கிறது என்பதைக் காணொளி பார்க்காது.

தமிழ் நிலத்தில் ஸ்டோன்வேர் மேசைக்கலம் என்றால் புதுச்சேரிதான் முதலில் நினைவுக்கு வரும். 1971-ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். மேசைக்கலங்களைச் செய்ததோடு மாணவர்களையும் பழக்கினார்கள். அங்கே கற்றவர்களும், அங்கே வேலை பார்த்த உள்ளூர்க் கைவினைஞர்களும் தனித்தனிப் பட்டறைகள் வைக்க, இன்று புதுச்சேரி, ஆரோவில் சுற்றுவட்டாரம் முழுக்க மண்கலைஞர்கள் இருக்கிறார்கள். வார இறுதி வகுப்பு முதல் பல மாதப் பயிற்சி வரை அங்கே கிடைக்கிறது. பொருள்களின் வேதியியலை முறையாகப் படிக்க ஆசைப்படும் இளைஞர்களுக்கு விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுக் கல்வி நிலையம் இருக்கிறது.

பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சூளை அடுக்கவும் இறக்கவும் மாணவர்களை விடுவீர்களா? வனையச் சொல்லித்தரும் இடங்கள் நிறைய. சூளைப் பக்கம் விடும் இடங்கள் குறைவு. புழங்குகிற கலத்தின் பாதித் தொழில் சூளையில்தான் இருக்கிறது.

மண்ணும் சூடும்: முதல் முடிவு

ஆரம்பத்தில் ஒரு மண், ஒரு சூடு, ஒரு கிளேஸ் (கலத்தின் மேல் போடும் கண்ணாடிப் பூச்சு) என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வண்ணக் கிளேஸ் டப்பாக்களை வாங்கி அடுக்குகிறவர்கள் ஒரு வருடம் கழித்தும் எது ஏன் விரிசல் விடுகிறது என்று தெரியாமல் நிற்கிறார்கள். மண்ணும் கிளேஸும் ஒன்றோடொன்று பொருந்துவதுதான் இந்தத் தொழிலின் உயிர். ஒரு ஜோடியை முழுதாகப் புரிந்துகொண்டவருக்கு அடுத்த ஜோடி பாதி நாளில் புரியும்.

சூட்டை மண்கலைஞர்கள் கோன் எண்ணால் சொல்வார்கள். கோன் என்பது குறிப்பிட்ட வெப்ப உழைப்புக்குப் பின் வளையும்படி செய்த சின்னக் கூம்பு. மேசைக்கலத்துக்கு இரண்டு சூடுகள் வழக்கம். ஒன்று கோன் 6, சுமார் 1220 முதல் 1240 டிகிரி. மின்சூளைக்கு ஏற்றது. இன்னொன்று கோன் 10, சுமார் 1280 முதல் 1300 டிகிரி. கேஸ் சூளையிலும் விறகுச் சூளையிலும் இதுதான் பழக்கம். நீங்கள் கற்கும் பட்டறையில் எது எரிகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கோன் 10 மண்ணைக் கோன் 6-ல் சுட்டால் பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் உள்ளே துளை மூடியிருக்காது. கோன் 6 மண்ணைக் கோன் 10-ல் சுட்டால் சாய்ந்து, வீங்கி, சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும்.

மண்ணைத் தயாராகவே வாங்குங்கள். பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணான பால் கிளே (ball clay), கேரளத்து வெண்களிமண்ணான சைனா கிளே, ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்று எல்லாவற்றையும் தானே கலந்து மண் செய்வது அருமையான வேலைதான். ஆனால் அது இரண்டாம் வருட வேலை.

புது மூட்டை வந்ததும் இரண்டு சோதனை செய்துவிடுங்கள். முதலாவது சுருக்கம். மண்ணை ஒரு பட்டையாகத் தட்டி, ஈரமாக இருக்கும்போதே அதில் சரியாக 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு கீறுங்கள். கடைசிச் சூடு முடிந்ததும் அளந்து பாருங்கள். 8.8 செ.மீ. வந்தால் சுருக்கம் 12 சதவீதம். ஸ்டோன்வேரில் 10 முதல் 13 சதவீதம் சகஜம். ஒரு தம்ளர் 9.7 செ.மீ. உயரத்தில் வேண்டுமானால் 11 செ.மீ. வனையவேண்டும் என்று இந்தக் கோடுதான் சொல்லும்.

இரண்டாவது, நீர் உறிஞ்சுதல். கிளேஸ் போடாமல் முழுச்சூட்டில் சுட்ட ஒரு துண்டை நன்றாக உலர்த்தி, கிராம் தராசில் எடை போடுங்கள். இரண்டு மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் துடைத்து மறுபடி எடை போடுங்கள். 200 கிராம் துண்டு 203 ஆனால் உறிஞ்சுதல் 1.5 சதவீதம். 2 சதவீதத்துக்குள் இருந்தால் மேசைக்கு நல்லது. 5 சதவீதம் காட்டும் மண்ணில் செய்த தம்ளர், கிளேஸ் இல்லாத அடிவளையம் வழியாகத் தண்ணீரைக் குடித்து மேசையை நனைக்கும். மைக்ரோவேவில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் சூடாகி கலமே கையைச் சுடும்.

பிசைவதிலிருந்து உருளை வரை

மூட்டை மண்ணையும் பிசையவேண்டும். காற்றுக்குமிழி போகவும், ஈரம் எங்கும் ஒரேமாதிரி ஆகவும் இந்த வேலை. நம் குயவர் வீடுகளில் காலால் மிதித்துப் பதம் பார்ப்பது இதற்காகத்தான். சிறிய அளவுக்குக் கை போதும். பிசைந்த உருண்டையைக் கம்பியால் நடுவே அறுத்துப் பாருங்கள். வெட்டிய முகத்தில் குழி தெரிந்தால் இன்னும் பிசையவேண்டும்.

உருண்டைகளைத் தராசில் வைத்து 400 கிராமாகப் பிரியுங்கள். ஒரே எடையிலிருந்துதான் ஒரே அளவு வரும். 400 கிராம் மண்ணில் 11 செ.மீ. உயரம், 9 செ.மீ. அகலத்தில் ஒரு தண்ணீர்த் தம்ளர் வனையலாம். சுட்டு முடித்ததும் விளிம்புவரை சுமார் 350 மில்லி கொள்ளும்.

சக்கரத்தின் நடுவே மண்ணை அசையாமல் நிறுத்துவது எல்லோரையும் படுத்தும் இடம். கைவலிமையால் இது வராது. இடது முழங்கையைத் தொடையிலோ இடுப்பிலோ ஊன்றி, உடலின் பாரத்தை முன்கை வழியாக மண்ணுக்குக் கொடுங்கள். மண் சுற்றும், கை சுற்றக்கூடாது. மண்ணைக் கூம்பாக மேலே ஏற்றி மறுபடி கீழே அமுக்குவதை இரண்டு மூன்று முறை செய்தால் தானாகவே மையத்துக்கு வந்துவிடும். கையை எடுக்கும்போது மட்டும் மெதுவாக எடுங்கள். பாதிப் பேர் நடுவுக்குக் கொண்டுவந்த மண்ணை, கையை வெடுக்கென்று எடுத்தே கெடுக்கிறார்கள்.

நடுவில் குழிபறித்து அடியை அகலப்படுத்தியதும், பஞ்சாலோ விரலாலோ அடியை நடுவிலிருந்து வெளியேயும் வெளியிலிருந்து நடுவுக்கும் அழுத்தித் தேயுங்கள். அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அழுத்தாத அடி காயும்போது எஸ் எழுத்துபோல வளைந்து வெடிக்கும். வெடிப்பு சில சமயம் சூளையில்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்குள் எல்லா உழைப்பும் அதில் போயிருக்கும்.

பிறகு சுவரைத் தூக்குங்கள். உள்விரலும் வெளிவிரலும் ஒரே உயரத்தில், சக்கரத்தின் வேகத்துக்கு ஏற்ற நிதானத்தில் மேலேறவேண்டும். மூன்று இழுப்பில் சுவர் ஏறிவிட வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் மண் தண்ணீர் குடித்துத் தளர்ந்துவிடும். தண்ணீரைக் குறைவாகத் தொடுங்கள்.

முதல் மாதம் வனைந்த எதையும் சுடாதீர்கள். ஒவ்வொன்றையும் கம்பியால் மேலிருந்து கீழாக இரண்டாக வெட்டிச் சுவரைப் பாருங்கள். கீழே தடிமனாகவும் மேலே தாள்போலவும் இருக்கும். எங்கே தடிமன் மிஞ்சியிருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் விரலுக்குத் தெரியும். வெட்டிய மண்ணைத் திரும்பப் பிசைந்து மறுபடி வனையலாம், எதுவும் வீணாகாது. சுட்ட மண்தான் திரும்பி வராது.

தம்ளர் வந்த பிறகும் பல வாரம் தம்ளரே செய்யுங்கள். இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் 1920-ல் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானிய மண்கலைஞர் ஹமாடா ஷோஜியும் தொடங்கிய பட்டறையை உலகமே கலைக்கூடமாகப் பேசுகிறது. அங்கே பயிற்சிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் செய்தது ஒரே அளவு, ஒரே வடிவில் அன்றாட மேசைக்கலங்கள். அப்படித் திரும்பத்திரும்பச் செய்ததில்தான் அவர்கள் கை தேறியது. உங்கள் ஆறு தம்ளர்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றால், அடுத்த வடிவத்துக்குப் போகலாம்.

கைக்கும் வாய்க்கும் ஏற்ற வடிவம்

வடிவத்தைப் பற்றி மேல்நாட்டுப் புத்தகங்களில் படிப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நாம் சாப்பிடும் விதம் வேறு.

தட்டை எடுத்துக்கொள்வோம். கையால் பிசைந்து சாப்பிடுகிறவருக்குக் கடைசிப் பருக்கையை எதன்மேலாவது ஒதுக்கி எடுக்கவேண்டும். விளிம்பு தட்டையாகப் படுத்திருக்கும் தட்டில் ரசஞ்சோறு மேசையில் வழியும். சுமார் 2 செ.மீ. உயரத்துக்கு உள்பக்கம் வளைந்து எழும் விளிம்பு வையுங்கள். உள்வளைவும் அடியும் சேரும் இடத்தில் கூர்மையான மூலை இருக்கக்கூடாது. விரல் நுழையாத மூலையில் குழம்பு காய்ந்து நிற்கும்.

தம்ளரில் விளிம்புதான் எல்லாம். நம்மில் பலர் வாயில் படாமல் தூக்கிக் குடிப்பவர்கள். விளிம்பு வெளியே கொஞ்சம் மலர்ந்து, முனை மெல்லியதாக இருந்தால் தண்ணீர் ஒரே தாரையாக விழும். உருண்டு தடித்த விளிம்பில் தாடையில் வழியும். காபிக்குச் செய்கிறீர்கள் என்றால், மலர்ந்த விளிம்பு இரண்டு விரலால் பிடிக்கவும் உதவும். மெல்லிய முனை என்றால் கத்திபோல அல்ல. மிக மெல்லிய விளிம்பு கழுவும் தொட்டியிலேயே சில்லு போகும். 3 மில்லிமீட்டர் அளவில் உருட்டி முடிப்பது எனக்குப் பிடித்த இடைவழி.

கிண்ணத்தில் அடி பார்க்கவேண்டும். ஸ்டீல் கரண்டியால் குழம்பு அள்ளும்போது கிண்ணம் சாய்ந்தால் அடிவளையம் சின்னது என்று பொருள். வாய் அகலத்தில் பாதிக்குக் குறையாமல் அடி வையுங்கள்.

கைப்பிடி வைக்கும் கலத்தில், கலமும் கைப்பிடியும் ஒரே ஈரப்பதத்தில் இருக்கவேண்டும். மண் தோல் போலக் கெட்டிப்பட்டு, ஆனால் விரல் நகம் பதியும் பதத்தில் ஒட்டுவது நல்லது. இரண்டு பக்கத்தையும் முள்கரண்டியால் கீறி, அதே மண்ணின் கூழைத் தடவி அழுத்துங்கள். கைப்பிடிக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழையவேண்டும். 12 சதவீதச் சுருக்கத்தை இங்கேயும் மறக்கக்கூடாது. அதே தோல் பதத்தில்தான் கலத்தைக் கவிழ்த்து, சக்கரத்தில் நடுவாக்கி, அடியைக் கடைந்து வளையம் எடுப்பதும். கடைவதற்கு முன் அடியின் தடிமனை ஊசியால் குத்தி அளந்துவிடுங்கள்.

காயவைத்தல்

நம் வானிலைக்கு இரண்டு முகம். அக்னி நட்சத்திரக் காற்றில் விளிம்பு ஒரு மணி நேரத்தில் காய்ந்து அடி ஈரமாகவே இருக்கும், விரிசல் நிச்சயம். ஐப்பசி மழையில் ஒரு வாரமானாலும் உள்ளீரம் போகாது. கோடையில் கலங்களைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, இரண்டாம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். தோல் பதத்துக்கு வந்ததும் கவிழ்த்து வைத்தால் அடியும் விளிம்பும் சேர்ந்து காயும். கைப்பிடி முதலில் காய்ந்து சுருங்கி ஒட்டிய இடத்தில் பிளக்கும் என்பதால், அதன்மேல் ஈரத்துணித் துண்டு போட்டு வைப்பது நல்ல பழக்கம். காய்ந்த, இன்னும் சுடாத பச்சைக் கலத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இன்னும் இருக்கிறது.

முதல் சூடு

பிஸ்க் எனப்படும் முதல் சூடு 950 முதல் 1000 டிகிரி வரை. இது கலத்தைக் கெட்டியாக்கும், ஆனால் கிளேஸ் தண்ணீரை உறிஞ்சும் துளைகளை விட்டுவைக்கும். மெதுவாக ஏற்றுவதுதான் முழுச் சூத்திரமும். 120 டிகிரி வரை மணிக்கு 50, 60 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். தண்ணீர் கொதிக்கும் புள்ளியைத் தாண்டும்போது உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகிக் கலத்தை வெடிக்கச்செய்யும். ஒன்று வெடித்தால் அதன் சில்லுகள் பக்கத்தில் இருப்பவற்றிலும் ஒட்டும். 450-லிருந்து 600 வரை களிமண்ணோடு வேதியியலாகப் பிணைந்த நீர் வெளியேறுகிறது. 573 டிகிரியில் குவார்ட்ஸ் படிகம் திடீரென்று விரிகிறது, ஆறும்போது அதே இடத்தில் சுருங்குகிறது. எனவே 600 வரை மணிக்கு 100 டிகிரி போதும். அதற்கு மேல் வேகமாகப் போகலாம். ஆறும்போதும் அவசரம் வேண்டாம். பச்சைக் கலங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கலாம். இந்தச் சூட்டில் ஒட்டாது.

கிளேஸ்

கிளேஸ் என்பது கலத்தின் மேல் உருகிப் படியும் கண்ணாடி. அதில் மூன்று பங்காளிகள். கண்ணாடியாக ஆவது சிலிக்கா, குவார்ட்ஸ் தூள் என்பது அதுதான். அதை வழியாமல் பிடித்துவைப்பது அலுமினா. குறைந்த சூட்டில் உருகவைப்பது கால்சியம், சோடியம், பொட்டாசியம், போரான் போன்ற உருக்கிகள். மேசைக்கலத்தில் இந்த மூன்றும் சமநிலையில் இருந்தால்தான் கிளேஸ் புளிப்புக்கு அசையாது. உருக்கி அதிகமாகி சிலிக்கா குறைந்த கிளேஸ் பளபளவென்று உருகும், ஆனால் எலுமிச்சைச் சாறு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும்.

கோன் 10-க்கு உலகெங்கும் மண்கலைஞர்கள் கையாளும் எளிய கணக்கு ஒன்று உண்டு: பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் 40, குவார்ட்ஸ் தூள் 30, கால்சியம் கார்பனேட் 20, சைனா கிளே 10. நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று நினைவில் நிற்கும். தெளிந்த, பளபளப்பான கிளேஸ் தரும். இதோடு 8 முதல் 10 சதவீதம் சிவப்பு இரும்பு ஆக்சைடு சேர்த்தால் ஜாடியின் பழுப்பிலிருந்து கருப்புவரை வரும். கேஸ் சூளையில் காற்றைக் குறைத்துச் சுடும் முறையில் 1 முதல் 2 சதவீத இரும்பே இளம்பச்சையாக மாறும். கோன் 6-க்கு இந்தக் கணக்கு உருகாது, போரான் உள்ள ஃபிரிட் (முன்பே உருக்கித் தூளாக்கிய கண்ணாடி) சேர்த்த கிளேஸ் வேண்டும். ஆரம்பத்தில் ஒரு நம்பிக்கையான விற்பனையாளரிடம் தயார் கிளேஸ் வாங்குவதில் தவறில்லை. ஈயம், காட்மியம் இல்லை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உணவு படும் பரப்பில் என்னென்ன வேண்டாம் என்று நான் சொல்லிவிடுகிறேன். ஈயம் எந்த வடிவத்திலும் கூடாது. பேரியம் கார்பனேட் எலி விஷமாகவே பயன்பட்டது, தொழில் தெரியாதவர் கையில் அது வேண்டாம். செம்பு அழகான பச்சை தரும், ஆனால் புளிப்புக்குக் கசியும் தன்மை அதற்கு அதிகம். பூஜாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாங்கனீஸ் சூளையில் புகையாகவே ஆபத்து. இரும்பு ஒன்றை வைத்தே ஒரு வருடம் ஓட்டலாம்.

கலக்கும்போது எப்போதும் தண்ணீரில் தூளைப் போடுங்கள், தூளில் தண்ணீரை ஊற்றினால் தூசி பறக்கும். ஒரு இரவு ஊறவிட்டு 80 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் வடிகட்டுங்கள். ஒரு லிட்டர் கலவை சுமார் 1,450 கிராம் எடை இருந்தால் தொடங்க நல்ல பதம். பிஸ்க் கலத்தை ஈரப் பஞ்சால் துடைத்துத் தூசி போக்கி, இடுக்கியால் பிடித்து மூன்று விநாடி முக்கி எடுங்கள். எண்ணெய்க் கையால் தொட்ட இடத்தில் கிளேஸ் ஒட்டாமல் விலகி உருளும். அடிவளையத்தையும் அதற்கு மேல் 3 மில்லிமீட்டரையும் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். விட்டுப்போன ஒரு சொட்டு கலத்தையும் சூளைப் பலகையையும் நிரந்தரமாக ஒட்டிவிடும். பலகைமேல் அலுமினாவும் சைனா கிளேயும் கலந்த பூச்சு எப்போதும் இருக்கட்டும்.

நம் சமையலுக்கென்று ஒரு குறிப்பு. பளபளப்பில்லாத மேட் கிளேஸ் பார்க்க அமைதியாக இருக்கும். ஆனால் பலவகை மேட் கிளேஸில் மஞ்சள் கறை இறங்கும், ஸ்டீல் கரண்டி சாம்பல் கோடு போடும். உணவு படும் உள்பக்கத்துக்குப் பளபளப்பான கிளேஸ், வெளிப்பக்கத்துக்கு விருப்பப்படி மேட் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும்.

இரண்டாம் சூடு

கிளேஸ் கலங்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது. நடுவே ஒரு விரல் இடம் விடுங்கள். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், ஒவ்வொரு சூளைப் பலகையிலும் கோன் வையுங்கள். தெர்மோகப்பிள் ஒரு புள்ளியின் சூட்டைச் சொல்கிறது. கோன் அந்தச் சூடு எவ்வளவு நேரம் வேலை செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. மேல்பலகையும் கீழ்ப்பலகையும் ஒரேமாதிரி வெந்ததா என்பதும் அதிலேயே தெரியும். உச்சத்தில் 15 நிமிடம் நிறுத்தினால் சின்னச் சின்ன ஊசித்துளைகள் மூட வாய்ப்பு உண்டு.

சூளைக் கதவை 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை திறக்காதீர்கள். ஆவல் தாங்காமல் 250-ல் திறந்த சூளையில் டிங் டிங் என்று சத்தம் கேட்கும். ஒவ்வொரு சத்தமும் ஒரு கிளேஸ் விரிசல்.

மின்சூளை வாங்கும் காலம் வந்தால், வீட்டு மின்இணைப்பு தாங்குமா என்று உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்து முதலில் பாருங்கள். பெரும்பாலான சூளைகளுக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். கேஸ் சூளையில் காற்றைக் குறைக்கும்போது கார்பன் மோனாக்சைடு வரும். மணமில்லாத விஷம் அது. மூடிய அறைக்குள் கேஸ் சூளை கூடவே கூடாது.

சோதனைகள்

பார்த்தால் பிரமாதமாக இருக்கும் கலம் பயன்பாட்டில் தோற்கலாம். ஒரு புது மண்-கிளேஸ் ஜோடியை மேசைக்கு அனுப்பும் முன் இவ்வளவும் செய்யுங்கள்.

கிண்ணத்தில் பாதிவரை எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றி மூன்று நாள் மூடிவையுங்கள். கழுவிக் காயவைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அமிலம் தொட்ட இடத்தில் நிறமோ பளபளப்போ மங்கியிருந்தால் அந்தக் கிளேஸ் நம் ரசத்தையும் புளிக்குழம்பையும் தாங்காது. இது வீட்டுச் சோதனை. தோற்றதைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் தேறியதற்குச் சான்று ஆகாது. விற்கும் அளவுக்கு வந்துவிட்டால் ஆய்வகத்தில் ஈயம், காட்மியம் கசிவைப் பார்த்துவிடுங்கள். அங்கே 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் நிரப்பிவைத்து, அதில் இறங்கியதை அளப்பார்கள்.

அடுத்து, ஒரு தம்ளரை இரவு முழுக்க ஃபிரீசரில் வைத்து, காலையில் நேராகக் கொதிநீரில் போடுங்கள். நான்கைந்து முறை செய்த பிறகு மேலே மை தடவித் துடையுங்கள். வலைப்பின்னல்போலக் கோடுகள் தெரிந்தால், ஆறும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்குகிறது என்று பொருள். அந்த வெடிப்புகளுக்குள் உணவு தங்கும், கலத்தின் வலுவும் குறையும். கிளேஸில் குவார்ட்ஸை 5 பங்கு கூட்டி மறுபடி சோதியுங்கள். இதற்கு நேரெதிரான கோளாறு இன்னும் ஆபத்தானது. கிளேஸ் மிகக் குறைவாகச் சுருங்கினால் விளிம்பிலும் கைப்பிடி ஓரத்திலும் சில்லுசில்லாக உரியும், அது வயிற்றுக்குள் போகும் கண்ணாடி. விளிம்பில் அப்படி ஒரு சில்லு பார்த்தால் அந்தச் சூளையில் வந்த அத்தனையையும் ஒதுக்கிவையுங்கள். குவார்ட்ஸைக் குறைத்தோ ஃபெல்ட்ஸ்பாரைக் கூட்டியோ கணக்கைத் திருத்துங்கள்.

ஒவ்வொரு சூளைக்கும் ஒரு நோட்டுப் பக்கம் வையுங்கள்: எந்த மண், எந்தக் கிளேஸ், எவ்வளவு தடிமன், எந்தப் பலகை, கோன் எவ்வளவு வளைந்தது. கலத்தின் அடியிலும் இரும்பு ஆக்சைடால் ஒரு எண் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு தம்ளர் விரிசலோடு திரும்பி வந்தால் அந்த எண்தான் பேசும்.

தூசி

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் பட்டறைகளில் இதைத்தான் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். காய்ந்த களிமண் தூசியிலும் குவார்ட்ஸ் தூளிலும் உள்ள நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் உண்டாக்கும். வந்தால் குணமாகாத நோய் அது. பட்டறையைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த கலத்தைத் தேய்க்காதீர்கள், ஈரப் பஞ்சால் வழவழப்பாக்குங்கள். தூள் அளக்கும்போது என் 95 முகக்கவசம் கட்டாயம். மண் படிந்த துணியோடு வீட்டுக்குள், முக்கியமாகக் குழந்தைகள் இருக்கும் அறைக்குள் போகவேண்டாம். சமையலறையில் கிளேஸ் கலக்கவே கூடாது.

விற்பதற்கு முன்

முதல் நல்ல ஜோடியை விற்காதீர்கள். வீட்டில் ஒரு மாதம் புழங்குங்கள். அம்மாவிடமோ மாமியாரிடமோ கொடுத்துத் தினமும் அதில் பரிமாறச் சொல்லுங்கள். ஈரக்கையில் வழுக்குகிறதா, அடிவளையம் மேசையைக் கீறுகிறதா, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடிகிறதா, கழுவியபின் அடிக்குழியில் தண்ணீர் தேங்குகிறதா என்று எந்தப் புத்தகமும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். அடிவளையம் கரகரவென்றிருந்தால் நீர்தொட்ட வைரத்தகட்டாலோ சிலிக்கன் கார்பைடு கல்லாலோ தேய்த்து முடியுங்கள்.

விலை போடும்போது மண், கிளேஸ், மின்சாரம் மட்டும் கணக்கில்லை. சூளையில் கெட்டுப்போன கலங்களின் செலவையும் நிற்கும் கலங்கள்தான் சுமக்கவேண்டும். ஒரு தம்ளருக்குப் பிசைவதிலிருந்து அடி தேய்ப்பதுவரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு வாரம் எழுதிவையுங்கள். அந்த நேரத்துக்குக் கூலி போடாத விலை உங்களையும் நிலைக்க விடாது, பக்கத்துப் பட்டறைக்காரரையும் நிலைக்க விடாது.

கொஞ்சம் கோணலாக வந்ததைக் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம். ஊசித்துளை வெளிப்பக்கம் இருந்தால் அதையும் சொல்லிவிட்டுக் கொடுக்கலாம். கிளேஸ் உரிந்தது, உள்பக்கம் வலைவிரிசல் விட்டது, அடியில் எஸ் வெடிப்பு உள்ளது, இந்த மூன்றையும் இலவசமாகக்கூடக் கொடுக்காதீர்கள். சுத்தியலால் உடைத்துவிடுங்கள். அடியில் உங்கள் பெயர் இருக்கிறது, அதில் யாரோ ஒருவர் குழந்தைக்குச் சோறு ஊட்டுவார்.